சிரட்டை யாருடைய வரலாறு? விநோத அருங்காட்சியகங்களை முன்வைத்து

2025-ஆம் ஆண்டில் எங்கள் கூமாப்பட்டியைத் தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் ஓடியது. மலை, பிளவக்கல் அணை, தண்ணீர், "வாங்க" என்ற அழைப்பு, அவ்வளவுதான். வத்திராயிருப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள்கூட வண்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அணையில் குளிக்க அனுமதி இல்லை என்று தெரிந்ததும் பலர் முகம் சுண்டித் திரும்பினார்கள். "ஊர்ல பாக்குறதுக்கு வேற என்னங்க இருக்கு?" என்று டீக்கடைகளில் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அந்தக் கேள்வி எங்கள் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகளை விடவில்லை. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் செல்போனில் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து காட்டினான். உலகின் விநோத அருங்காட்சியகங்கள். ஐஸ்லாந்தில் பாலூட்டிகளின் ஆணுறுப்புகளுக்கென்றே ஒன்று. குரோசியாவின் சாக்ரெப் நகரில் முறிந்துபோன காதலின் மிச்சங்களுக்கு ஒன்று. ஐதராபாத்தில் செருப்பு, கிரிக்கெட் மட்டை வடிவத்தில் செய்த கார்களுக்கு ஒன்று. அசாமின் மாயோங்கில் மாந்திரீகத்துக்கு ஒன்று. பெங்களூரு நிம்ஹான்ஸில் மனித மூளைகளுக்கு ஒன்று. தில்லியில் கக்கூசுக்கு ஒன்று.

"இதுக்கெல்லாம் இருக்குன்னா நமக்கும் ஒண்ணு வைக்கலாமே தோழர். இரட்டைக் குவளை, சிரட்டை எல்லாம் வச்சு ஏப்ரல் 14-க்கு ஒருநாள் கண்காட்சி போடுவோம்" என்றான்.

நல்ல யோசனைதான். ஆனால் அதைச் செய்யப் போனபோதுதான் அருங்காட்சியகம் என்பது எவ்வளவு சிக்கலான விஷயம் என்பதை நாங்கள் உணர்ந்தோம். அதையே இங்கே எழுதுகிறோம்.

செத்த காலேஜ்

முதலில் கொஞ்சம் வரலாறு. சென்னையில் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். சில ஆண்டுகளில் அதே வளாகத்தில் உயிருள்ள விலங்குகளையும் வைத்தார்கள். சென்னை மக்கள் இரண்டுக்கும் அழகாகப் பெயர் வைத்தார்கள். விலங்குகள் இருந்த இடம் உயிர் காலேஜ். பாடம்செய்த உடல்களும் எலும்புகளும் சிலைகளும் இருந்த இடம் செத்த காலேஜ். படித்தவர்கள் 'மியூசியம்' என்றார்கள். உழைக்கும் மக்களோ அந்த இடத்தின் வேலை என்னவென்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்கள். செத்ததை வைத்துப் பாடம் நடத்தும் இடம்! இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் திரும்பவும் அதற்கு வருவோம்.

அந்த அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் 7 தொகுதிகள் வெளியிட்டவர். இன்றும் சாதிச் சங்கங்கள் தங்கள் பெருமைக்கு அவரையே மேற்கோள் காட்டுகின்றன. அவர் செய்த வேலை என்ன? அளவுக் கருவிகளை எடுத்துக்கொண்டு மனிதர்களின் மண்டையையும் மூக்கையும் அளந்தார். மூக்கின் அகலத்துக்கும் சாதியின் உயர்வு தாழ்வுக்கும் தொடர்பு இருக்கிறது என்று நம்பிய காலத்து 'அறிவியல்' அது. பின்னாளில் அண்ணல் அம்பேத்கர் இந்த அளவுகளையே எடுத்து, பார்ப்பனருக்கும் தீண்டத்தகாதவருக்கும் இன வேறுபாடு இல்லை என்று வாதிட்டார். அது தனிக்கதை.

நாம் கவனிக்க வேண்டியது இது. அருங்காட்சியகத்துக்குள் நம் முன்னோர்கள் முதன்முதலில் நுழைந்தது பார்வையாளர்களாக அல்ல, காட்சிப் பொருள்களாக. அளந்தவர் பெயர் நூலின் அட்டையில் இருக்கிறது. அளக்கப்பட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

அதனால் எந்த அருங்காட்சியகத்தைப் பார்த்தாலும் நாங்கள் மூன்று கேள்வி கேட்கிறோம். பொருளை எடுத்து வைத்தது யார்? அதன் கதையைச் சொல்வது யார்? பார்த்துவிட்டு வெளியே வருபவர் யாரைப் பற்றி யோசிக்கிறார்?

கக்கூஸ் அருங்காட்சியகம்

இந்தக் கேள்விகளோடு தில்லிக்குப் போவோம். மகாவீர் என்கிளேவ் பகுதியில் 1992-இல் சுலப் நிறுவனம் தொடங்கியது அந்தக் கழிப்பறை அருங்காட்சியகம். விநோத அருங்காட்சியகப் பட்டியல் எதை எடுத்தாலும் அதற்கு ஓர் இடம் உண்டு. சிந்துவெளி காலத்து வடிகால் ஏற்பாடுகளில் தொடங்கி நவீன காலம் வரை வரிசையாக விளக்குகிறார்கள். பிரெஞ்சு மன்னர் உட்கார்ந்த சிம்மாசனக் கழிப்பிடத்தின் நகல் இருக்கிறது. புத்தக அடுக்கு போல் செய்த கழிப்பிடமும் இருக்கிறது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதை உருவாக்கியவர் பிந்தேஸ்வர் பதக். பீகாரின் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணொருவரைத் தொட்டுவிட்டதற்காகத் தன் வாயில் சாணத்தையும் கோமியத்தையும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள் என்று அவரே சொல்லிவந்தார். 1970-இல் சுலப் அமைப்பைத் தொடங்கினார். அது பரப்பிய இரட்டைக் குழிக் கழிப்பறை எளிமையானது. ஒரு குழி நிரம்பினால் அடுத்த குழிக்கு மாற்றிவிடலாம். மூடிய குழியில் இருப்பது இரண்டு ஆண்டுகளுக்குள் மக்கி எருவாகிவிடும். யாரும் மலத்தைக் கையால் அள்ள வேண்டியதில்லை. இந்தத் தொழில்நுட்பத்தின் பயனை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. உலர் கழிப்பிடம் ஒன்று ஒழிந்தால் ஒரு பெண்ணின் தலையிலிருந்து ஒரு கூடை இறங்குகிறது.

ஆனால் அருங்காட்சியகம் என்ற அளவில் பாருங்கள். கழிப்பறையின் வரலாறு மன்னர்களின் வரலாறாகவும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவும் சொல்லப்படும்போது வேடிக்கையாக இருக்கிறது. இந்தியாவில் கழிப்பறையின் வரலாறு வேறு. அது தகரமும் துடைப்பமும் கூடையும் தூக்கியவர்களின் வரலாறு. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் அதைவிடக் கடுமையான இன்னொரு சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 அன்று, 1993-க்குப் பிறகு மலக்குழியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்துகொண்டே போவதற்கு என்ன பொருள்? குழிக்குள் இறங்குவது நிற்கவில்லை என்பதுதான்.

ஒன்றிய அரசு நடத்திய கணக்கெடுப்புகளில் கையால் மலம் அள்ளுவோராக அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். அவர்களில் சாதி விவரம் கிடைத்தவர்கள் 43,797 பேர். அதில் பட்டியல் சாதியினர் 42,594 பேர். 2021-இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு இது. நூற்றுக்கு 97 பேர்! இந்த எண்ணைச் சிம்மாசனக் கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினால் எத்தனை பேர் சிரிப்பார்கள்?

பெஜவாடா வில்சனும் சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் தோழர்களும் உலர் கழிப்பிடங்களை இடித்தார்கள். 2017-இல் தோழர் திவ்யபாரதி 'கக்கூஸ்' ஆவணப்படத்தை எடுத்தார். தில்லியில் கக்கூஸ் என்றால் பீங்கான். இந்தப் படத்தில் கக்கூஸ் என்றால் மனிதர். இரண்டையும் பார்த்தவர்களுக்கு வேறுபாடு தெரியும்.

அவமானத்தைச் சேகரித்தவர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிக் ராப்பிட்ஸ் என்ற சிறிய நகரம். அங்குள்ள ஃபெரிஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஜிம் குரோ அருங்காட்சியகம் இருக்கிறது. கறுப்பின மக்களை இழிவுபடுத்திச் செய்யப்பட்ட பொருள்களுக்கான இடம். கறுப்பரைக் கேலியாக வரைந்த உப்புக் குப்பிகள், பொம்மைகள், விளம்பரங்கள், அஞ்சலட்டைகள், 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகைகள் என ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

சேகரித்தவர் டேவிட் பில்கிரிம், கறுப்பினச் சமூகவியல் பேராசிரியர். 12, 13 வயதில் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் பழம்பொருள் சந்தையில் இப்படி ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கினார். வாங்கிய இடத்திலேயே கீழே போட்டு உடைத்தார். பிறகு உடைப்பதை நிறுத்திவிட்டுச் சேர்க்கத் தொடங்கினார். 1996-இல் மொத்தத்தையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 2012-இல் பெரிய கூடம் திறக்கப்பட்டது.

உடைத்த பையன் ஏன் சேகரிப்பவர் ஆனார்? உடைத்தால் கோபம் தீரும், சாட்சியமும் போய்விடும். நாளைக்கு ஒருவர் வந்து "அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொன்னால் காட்டுவதற்குக் கையில் பொருள் வேண்டும். அந்த உப்புக் குப்பிகள் ஏதோ ஒரு வெறியனின் பெட்டியிலிருந்து வந்தவை அல்ல. சாதாரண வெள்ளைக் குடும்பங்களின் சமையலறையில் தினமும் கை பட்டவை. அதுதான் அந்த அருங்காட்சியகத்தின் பலம். அங்கே போகிறவர் கறுப்பரைப் பார்ப்பதில்லை. கறுப்பரைப் பார்த்த வெள்ளைக் கண்ணைப் பார்க்கிறார்.

தெருவே இல்லாத தெருப்பலகை

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு பகுதி இருந்தது. 1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. 60,000-க்கும் மேற்பட்ட மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளைப் புல்டோசர் இடித்துத் தள்ளியது. 1994-இல் ஒரு பழைய தேவாலயத்தில் அந்த மக்களே அருங்காட்சியகம் தொடங்கினார்கள். தரையில் பழைய பகுதியின் வரைபடம் விரித்திருக்கிறது. வந்தவர்கள் குனிந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதினார்கள். மேலே பழைய தெருப் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. இடிப்பு வேலைக்கு மேற்பார்வையாளராக இருந்த ஒருவர் தூக்கியெறிய மனமில்லாமல் வைத்திருந்து கொடுத்தவை அவை. அந்தப் பட்டியல், நிலம் பறிபோனவர்கள் தங்கள் நிலத்தைத் திரும்பக் கேட்பதற்கும் உதவியது.

நம் நாட்டிலும் இப்படிச் சில இடங்கள் உண்டு. போபாலில் 1984-இல் நடந்த நச்சுவாயுக் கொலையின் 30-ஆம் ஆண்டில், 2014-இல், 'போபாலை நினைவுகொள்' அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இறந்த குழந்தையின் சட்டை, தாயின் குரல், அவ்வளவுதான். அரசிடமிருந்தும் நிறுவனங்களிடமிருந்தும் பணம் வாங்குவதில்லை என்பது அவர்கள் முடிவு. அகமதாபாத்தின் மிர்சாபூரில் ஒரு பழைய பார்ஸி வீட்டில் 2013 முதல் 'கான்ஃப்ளிக்டோரியம்' இயங்குகிறது. மோதல்களுக்கான அருங்காட்சியகம். அங்கே ஒரு மரத்தில், யாரிடம் எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்று எழுதிக் கட்டிவிட்டுப் போகலாம்.

நாக்பூருக்குப் பக்கத்தில் சிச்சோலி சாந்திவனத்தில் அண்ணலின் தட்டச்சுப் பொறியும் கோட்டும் இருக்கின்றன. 1956 தீக்ஷா விழாவை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான வாமன்ராவ் கோட்போலே பெற்றுப் பாதுகாத்தவை. ஒரு கோட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். மேலாடை போடவும் செருப்பு அணியவும் அடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும், ஒரு கோட்டில் என்ன இருக்கிறது என்று.

இப்போது நம் மூன்று கேள்விகளை வைத்துப் பாருங்கள். ஐதராபாத் கார்களும் ஐஸ்லாந்து உறுப்புகளும் ஆச்சரியத்தால் ஈர்க்கின்றன. ஒருமுறை பார்த்தால் போதும், தப்பும் இல்லை. சாக்ரெப் அருங்காட்சியகத்துக்குச் சாதாரண மனிதர்களே தங்கள் பொருளையும் கதையையும் எழுதி அனுப்புகிறார்கள். அதனால் அது நம்மையும் தொடுகிறது. தில்லிக் கழிப்பறை அருங்காட்சியகம் ஆச்சரியத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் நிற்கிறது. கேப் டவுனும் போபாலும் பிக் ராப்பிட்ஸும் நம்மை விநோதத்தில் தொடங்கி விசாரணைக்குக் கொண்டுபோகின்றன. எங்களுக்கு வேண்டியது இந்த மூன்றாவது வகை.

அப்பத்தா கொடுக்காத சிரட்டை

கண்காட்சிக்குப் பொருள் சேர்க்க எங்கள் தெருவில் ஓர் அப்பத்தாவிடம் போனோம். பண்ணையில் களை எடுக்கப் போன காலத்தில் கஞ்சியும் தண்ணீரும் சிரட்டையில் வாங்கிக் குடித்தவர். அதைப் பற்றிப் பேசச் சொல்லி, அதுபோல ஒரு சிரட்டையைக் கையில் பிடித்துப் படத்துக்கு நிற்கும்படி தங்கச்சி ஒருத்தி கேட்டாள்.

அப்பத்தா முகம் மாறிவிட்டது. "எதுக்குத்தா அதக் கேக்குற? மறக்கத்தான இம்புட்டு நாளும் பாடுபட்டேன். நாலு பேரு பாக்க நான் செரட்டையோட நிக்கணுமா?" என்றார்.

தங்கச்சி விடவில்லை. வரலாறு, சாட்சியம், அடுத்த தலைமுறை என்று நாங்கள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா உள்ளே போய்க் கதிர் அறுவாள் ஒன்றை எடுத்துவந்தார். கைப்பிடி தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

"இதக் கொண்டு போ. இது நாங்க செஞ்ச வேல. செரட்ட அவுக செஞ்ச வேல. அத அவுக வீட்டுல போயிக் கேளு."

அன்று வாசிப்பு வட்டத்தில் வேறு எதையும் பேச முடியவில்லை. டேவிட் பில்கிரிம் ஒரு கூடம் கட்டிச் சொன்னதை எங்கள் அப்பத்தா இரண்டு வரியில் சொல்லிவிட்டார். சிரட்டையும் இரட்டைக் குவளையும் நம் வரலாறு என்று நாமே நம்பிவிட்டோம். அவை நம்மேல் ஏவப்பட்டவை. செய்தவர்களின் வரலாறு.

1927-இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணலும் தோழர்களும் தண்ணீர் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் 108 பானை நிறையச் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து குளத்தில் கொட்டித் தீட்டுக் கழித்தார்கள். தண்ணீர் குடித்த கைகள் நம் வரலாறு. அந்த 108 பானைகள் அவர்களுடைய வரலாறு. இரண்டையும் ஒரே அலமாரியில், ஒரே பெயரில் வைக்கக் கூடாது.

நம் வட்டாரத்தில் தேடினால்

இந்தப் பார்வையோடு நம் வட்டாரத்தைப் பாருங்கள். இதே விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டை அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தன, மகிழ்ச்சி. கீழடிக்கு 2023-இல் அருங்காட்சியகம் வந்தது, பெருமை. ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கித் தோண்டும் நாம், நம் அப்பன் பாட்டன் காலத்தைத் தோண்டுவதில்லை.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நான்காவது பெயர் கொட்டகச்சியேந்தல். அது நம் மாவட்டத்து ஊர். தனித் தொகுதி என்பதற்காகவே 1996 முதல் 2006 வரை அங்கே ஊராட்சித் தலைவரை உட்காரவிடவில்லை. அந்த 10 ஆண்டுக் காலியான நாற்காலி ஒரு காட்சிப் பொருள் இல்லையா? துணிந்து தாக்கல் செய்த ஒரு வேட்புமனு காட்சிப் பொருள் இல்லையா? உத்தப்புரத்தில் 1989-இல் எழுப்பி, 2008 மே 6 அன்று ஒரு பகுதி இடிக்கப்பட்ட தீண்டாமைச் சுவரின் செங்கல்? கூலியாக நெல் அளந்த மரக்கால்? ராஜபாளையம் மில்லுக்குப் போன முதல் தலைமுறையின் அடையாள அட்டை? இரவுப் பள்ளியின் உடைந்த சிலேட்டு? ஊர் மறித்தும் அம்பேத்கர் படத்தைத் தூக்கிப் போன ஊர்வலத்தின் மங்கலான புகைப்படம்?

இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிறு. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் மாணவனும் தங்கையும் வீட்டுக்குள் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. இதைப் படிக்கும் உங்களில் சிலர் வகுப்பில் இப்போதும் அந்தக் கயிறுகள் இருக்கும்.

இங்கேதான் செத்த காலேஜ் என்ற சொல்லுக்குத் திரும்புகிறோம். அருங்காட்சியகம் செத்த பொருளுக்கான இடம். நம்முடைய சிக்கல், நாம் வைக்க நினைக்கும் பொருள்கள் இன்னும் சாகவில்லை என்பது. இரட்டைக் குவளை எங்கே போனது? பல இடங்களில் அது ஒருமுறை குடித்துவிட்டுப் போடும் கப்பாக மாறி நிற்கிறது. அவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்குப் பேப்பர் கப். கேட்டால் சுகாதாரம் என்பார்கள். உயிரோடு இருக்கும் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து "அந்தக் காலத்தில்" என்று எழுதினால் பொய் சொன்னவர்கள் ஆவோம்.

அதனால் கண்காட்சியை இப்படி அமைக்க முடிவு செய்தோம். ஒரு பக்கம் நம் மக்கள் செய்தவை: அறுவாள், பறை, சிலேட்டு, மனுக்கள், புகைப்படங்கள். எதிர்ப் பக்கம் நம்மேல் செய்தவை. அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரே கேள்வி: இது செத்துவிட்டதா? சாகவில்லை என்றால் எங்கே, யார் பயன்படுத்துகிறார்கள்?

நீங்களும் உங்கள் ஊரில் செய்யலாம். கூடம் வேண்டாம், ஒரு மேசை போதும். சில விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள். கொடுப்பவரின் சம்மதம் இல்லாமல் பொருளையோ முகத்தையோ காட்டாதீர்கள். பொருள் எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன வேலைக்கு என்பதை அவர் சொன்ன பேச்சிலேயே எழுதுங்கள். நம் மக்களின் பெயரை, அவர்கள் விரும்பினால், முழுதாக எழுதுங்கள். தர்ஸ்டன் எழுதாமல் விட்ட பெயர்கள் அவை. இன்றைக்கும் நடக்கும் தீண்டாமையைக் கண்டால், அந்தப் பொருள் காட்சிக்கு அல்ல, வழக்குக்கு உரியது. இடம், நாள், நேரம், சாட்சி ஆகியவற்றைக் குறித்து 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுங்கள். அலமாரிக்கு அப்புறம் வரட்டும்.

எங்கள் மேசையில் இப்போதைக்கு ஒரு கதிர் அறுவாள்தான் இருக்கிறது. அதன் கீழே அப்பத்தா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம், அவரிடம் படித்துக்காட்டிச் சம்மதம் வாங்கி. எதிர்ப் பக்கம் காலியாக இருக்கிறது. யாராவது தங்கள் வீட்டுச் சிரட்டையை, "எங்க பாட்டனார் இதுலதான் ஊத்தினார்" என்று சொல்லிக் கொண்டுவந்து வைக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். இதுவரை யாரும் வரவில்லை. அணையைப் பார்க்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்கள். இது அடுத்த தெருதான்.

ஜெய் பீம்.